ஐபோனா, ஆண்ட்ராய்டா: மலருக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மலர்,

ஐபோன் வாங்கட்டுமா, ஆண்ட்ராய்டு போன் வாங்கட்டுமா என்று நேற்று நீ கேட்டதற்குப் போனிலேயே ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே காரணம் கேட்பாய். அதற்குள் உன்னை அழைத்துப்போக ஆபீஸ் வண்டி வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

உன் கையில் 33,000 ரூபாய் இருக்கிறது. அந்தத் தொகைக்குள் நீ பார்த்து வைத்திருப்பது இரண்டு: யாரோ பயன்படுத்தி விற்கும் ஐபோன் 13, அல்லது புது சாம்சங் கேலக்ஸி ஏ36. கேமரா, பளபளப்பு, ஆபீஸில் எல்லார் கையிலும் இருப்பது எது என்பதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வை. முதலில் பார்க்க வேண்டியது, இந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்பதுதான். உன் சம்பளக் கணக்கே அந்தப் போனுக்குள் இருக்கிறது, தாயி.

இப்போது நீ வைத்திருக்கும் போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'அபௌட் போன்' பகுதியில் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டுப் பார். செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருஷத்துக்கும் மேல் பழையதாக இருந்தால், அந்தப் போனைக் கம்பெனி கைவிட்டுவிட்டது என்று வைத்துக்கொள். ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைக் கூகுள் மாதாமாதம் அறிவித்து, அடைக்கும் வழியையும் கொடுக்கிறது. ஆனால் அதை எடுத்துத் தன் போனுக்குப் பொருத்தி உனக்கு அனுப்ப வேண்டியது போன் கம்பெனி. அங்கேதான் தாமதம் வருகிறது, ஒரு கட்டத்தில் நின்றும் போகிறது. ஆப்பிளில் கருவியும் மென்பொருளும் ஒரே கையில் இருப்பதால், அப்டேட் வெளியான அன்றைக்கே, இன்னும் ஆதரவில் இருக்கும் எல்லா ஐபோனுக்கும் அது கிடைத்துவிடும். ஐபோன் நீடித்து உழைக்கும் என்று ஜனங்கள் சொல்வதன் பாதிக் காரணம் இதுதான்.

ஆனால் இந்த வித்தியாசம் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. 2023ல் தன் பிக்சல் 8 போனுக்கு 7 வருஷம் அப்டேட் வரும் என்று கூகுள் சொன்னது. 2024ல் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் 7 வருஷம் என்றது. நீ பார்த்திருக்கும் ஏ36 2025 மார்ச்சில் வந்தது, அதற்கு 6 வருஷம். அதாவது 2031 வரை. ஒன்றைக் கவனி: இந்த வருஷக் கணக்கு மாடல் அறிமுகமான நாளிலிருந்து ஓடுகிறது, நீ வாங்கும் நாளிலிருந்து அல்ல. சலுகை விலைக்கு வருகிற இரண்டு வருஷப் பழைய மாடலில் இரண்டு வருஷம் ஏற்கனவே போய்விட்டது. அதே கம்பெனியின் விலை குறைந்த மாடல்களுக்கு வருஷமும் குறையலாம். பிராண்டை நம்பாமல் மாடல் பெயரைப் போட்டுப் பார்.

இனி ஐபோன் 13. அது 2021ல் வந்தது. 2018ல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களுக்கு ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது, 2025ல் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. அதே கணக்கு ஓடினால் 13க்கு 2028 வரை எதிர்பார்க்கலாம். இது என் கணிப்பு, ஆப்பிள் கொடுத்த வாக்கு அல்ல. ஒரே பணத்துக்கு ஒரு பக்கம் 2028 வரை, இன்னொரு பக்கம் 2031 வரை. எனக்கு இதிலேயே பாதி முடிவு தெரிகிறது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் அப்டேட் நின்றாலும் குரோம் பிரவுசர் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படும். ஐபோனின் சொந்த பிரவுசரான சஃபாரியின் உள் எந்திரம் ஐஓஎஸோடு சேர்ந்துதான் வருகிறது. நம் ஊரில் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது அதே எந்திரம்தான். அதனால் அப்டேட் நின்ற ஐபோன், பிரவுசர் விஷயத்தில் சீக்கிரம் பின்தங்கிவிடும். செயலிகளும் காத்திருப்பதில்லை. 2025 மே மாதத்திலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஐஓஎஸ் 15.1 கட்டாயம் என்று ஆனபோது ஐபோன் 6 வைத்திருந்தவர்களுக்கு வாட்ஸ்அப் போயிற்று. லூமியா போன் ஞாபகம் இருக்கிறதா? அருமையான கருவி. 2019 டிசம்பரோடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்றது. அதற்குப் பிறகு நம் ஊரில் அதை யார் வைத்துக்கொள்வார்கள்?

பேட்டரியையும் பார். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழு சார்ஜில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் என்று ஆப்பிளே சொல்கிறது. 15 முதல் அது 1000. காலையில் 50, இரவில் 50 என்று ஏற்றினால் சேர்த்து ஒரு சார்ஜ் என்று கணக்கு. உன்னைப் போல நாள் முழுக்கப் பயன்படுத்தினால் 500 என்பது ஒன்றரை வருஷம். ஆக நீ வாங்கும் பழைய 13க்கு பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள். 13ல் இருப்பது பழைய லைட்னிங் பின். டைப்-சி வந்தது 15 முதல்தான். வீட்டில் இருக்கிற கேபிள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

உனக்கு இரண்டு சிம். ஏ36ல் இரண்டு அட்டைகளையும் அப்படியே போடலாம். நம் ஊரில் விற்ற ஐபோன் 13ல் ஓர் அட்டைக்குத்தான் இடம், மற்றது இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக, மாற வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிம் மாற்றினாலோ இ-சிம்முக்குப் போனாலோ அடுத்த 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்.எம்.எஸ். போகாது, வராது. திருடன் உன் எண்ணில் சிம் எடுத்து ஓ.டி.பி. வாங்கிவிடக் கூடாது என்று அரசு வைத்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு நாள் வங்கி ஓ.டி.பி. உனக்கும் வராது. புதுப் போனில் யு.பி.ஐ. பதிவும் நடக்காது, ஏனென்றால் அந்தப் பதிவே உன் சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். போவதில்தான் நிற்கிறது. போனையும் சிம்மையும் ஒரே நாளில் மாற்றாதே. சிம் மாறி இரண்டு நாள் கழித்துத்தான் புதுப் போனில் யு.பி.ஐ. பதிவைத் தொடங்கு.

யு.பி.ஐ. பதிவில் இரண்டு போன்களும் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஆண்ட்ராய்டில் செயலியே அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பிவிடும். ஐபோனில் செயலிக்கு அந்த அனுமதி இல்லை. எழுதி வைத்த செய்தியோடு மெசேஜ் பக்கம் திறக்கும், நீதான் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. எந்த சிம்மிலிருந்து போகிறது என்று பார்த்து அனுப்பு. வங்கியில் கொடுத்த எண் இல்லாமல் ஆபீஸ் எண்ணிலிருந்து போனால் பதிவு ஆகாது. உன் ரீசார்ஜ் பேக்கில் எஸ்.எம்.எஸ். இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார். டேட்டா மட்டும் உள்ள பேக்கில் அந்தச் செய்தி போகாமலே நின்றுவிடும், செயலியோ "பிறகு முயற்சிக்கவும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். பதிவு முடிந்த பிறகும் புதுப் போனில் ஆண்ட்ராய்டு என்றால் முதல் 24 மணி நேரம், ஐபோன் என்றால் 72 மணி நேரம், 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. வேளச்சேரி வீட்டு வாடகை 5ஆம் தேதிக்குள் போக வேண்டும் அல்லவா? 10ஆம் தேதிக்குப் பிறகு போன் மாற்று.

வாட்ஸ்அப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூகுள் கணக்கில் இருக்கும் உன் வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோன் படிக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போனால் அதே எண், அதே கூகுள் கணக்கு போதும், எல்லாம் வந்துவிடும். ஐபோனுக்குப் போவதென்றால் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பிள் செயலியைப் பழைய போனில் போட வேண்டும். அது வேலை செய்வது ஐபோனை முதன்முதலாகத் திறந்து அமைக்கும் நேரத்தில் மட்டும்தான். கடையில் பையன் ஆர்வமாக "நானே செட் பண்ணித் தர்றேன் அக்கா" என்பான், வேண்டாம் என்று சொல்லிவிடு. அவன் அமைத்து முடித்துவிட்டால் மொத்தத்தையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு, ஒரே வைஃபையில் இணை. ஐபோனில் ஆண்ட்ராய்டிலிருந்து மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குறியீடு வரும், அதைப் பழைய போனில் தட்டு. பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டதும் அது தன் தரவைக் கட்டி எடுத்து, பழைய போனிலிருந்து வெளியேறும். பயப்படாதே, அப்படித்தான் ஆக வேண்டும். பிறகு அடுத்து, தொடர் என்று அழுத்தினால் எல்லாம் போய்ச் சேரும். ஐபோனில் வாட்ஸ்அப் போட்டு அதே எண்ணில் நுழை. அழைப்புப் பட்டியல் வராது, அரட்டைகளும் படங்களும் வரும். இது பாதியில் அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவில் யாராவது கூப்பிட்டு, நீ பழைய போனில் அந்தச் செயலியை விட்டு வெளியே வந்துவிடுவது. வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதியையும் அணைத்து வை. ஒரு வாரம் வரை பழைய போனை அழிக்காதே. இரண்டு கட்டச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலி வைத்திருக்கிறாயே, அதில் இருப்பதையும் புதுப் போனுக்கு மாற்றிவிட்டாயா என்று பார்த்த பிறகே அழி.

ஆண்ட்ராய்டு எடுத்தால் இந்தத் தலைவலிகள் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தில் ஐபோன்தான் மேல், அதை மறைக்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்று பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (தொட்டால் ஆண்ட்ராய்டில் செயலியை நேராக ஏற்றும் கோப்பு) வருகிறதே, அது ஐபோனில் ஏறாது. ஆண்ட்ராய்டில் ஏறும். ஏறியதும் எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்குப் போய்விடும். புதுப் போன் வாங்கிய அன்றே செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப்பும் பிரவுசரும் அணைந்திருக்கிறதா என்று பார். தெரிந்தவரிடமிருந்து வந்தாலும் ஏ.பி.கே.யைத் தொடாதே, அவர் போன் ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கலாம். பணம் போய்விட்டால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடி. வங்கி அதிகாரி மாதிரிப் பேசித் திரையைப் பகிரச் சொல்பவனிடம் எந்தப் போனும் உன்னைக் காப்பாற்றாது.

மற்றவை சின்ன விஷயங்கள். இணையத்தில் சேமித்து வைக்க ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜி.பி., கூகுள் தருவது 15. ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15க்குள்தான் கணக்கு. ஐபோன் படங்கள் ஹெச்.இ.ஐ.சி. வடிவில் சேமிக்கப்படும். ஜே.பி.ஜி. கேட்கும் விண்ணப்பத் தளங்களில் அது ஏறாமல் போகலாம், கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் உள்ளே 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐபோன்தான் மனசுக்குப் பிடிக்கிறது என்றால் நான் தடுக்க மாட்டேன். இன்னும் ஆறேழு மாசம் பணம் சேர்த்து 15 அல்லது அதற்கு மேல் எடு. பழையதாக எடுத்தால் நேரில் பார்த்து எடு. *#06# அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (அது போனின் அடையாள எண்), கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். செய்தால் திருட்டுப் போனா என்று தெரியும். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட். திரையோ பேட்டரியோ 'அன்நோன் பார்ட்' என்று காட்டினால் விலையைக் குறை, அல்லது வந்துவிடு. பேட்டரி ஹெல்த் 85க்குக் கீழே வேண்டாம். ஃபேஸ் ஐடியில் உன் முகத்தைப் பதிந்து பார், திரையைத் திறந்து வேலை பார்த்த போன்களில் அது செத்துப் போயிருக்கலாம். விற்பவர் உன் கண் முன்னால் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். "வீட்டுக்குப் போய் எடுத்து விடுறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதே, அவர் கணக்கு அந்தப் போனில் போட்டிருக்கும் பூட்டு அவர் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது.

என்னைக் கேட்டால் ஏ36 எடு. 8 ஜி.பி. ரேம், சேமிப்பு இடம் 128 ஜி.பி.யோ 256ஓ உன் விருப்பம், ஆனால் வாங்கிய பின் மெமரி கார்டு போட அதில் இடமில்லை என்பதை நினைவில் வை. நீ எடுக்கும் வீடியோவுக்கு 256 நல்லது.

பழைய போனை அம்மாவுக்குத் தரலாம் என்றாய். தரலாம். அழிப்பதற்கு முன் உன் கூகுள் கணக்கை அதிலிருந்து எடுத்துவிடு, இல்லாவிட்டால் அழித்த பிறகும் உன் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம். மெனுவைத் தமிழுக்கு மாற்றிக் கொடு. பாட்டு, வீடியோ கால், அவ்வளவுதான். வங்கிச் செயலியும் யு.பி.ஐ.யும் அதில் வேண்டாம். பின்மூடி லேசாக உப்பியிருப்பதாகச் சொன்னாயே, அது பேட்டரி வீக்கம். இன்றிலிருந்து அதைச் சார்ஜில் போடாதே, தலையணைப் பக்கத்திலும் வைக்காதே, தரவை மாற்றுவதற்கு முன்பே கடையில் கொடுத்துப் பேட்டரியை மாற்றிவிடு.

அன்புடன்,
அப்பா