கையா, காலா?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் அம்மா பாயாசமே வைத்துவிட்டார். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் (ஒடுங்கிய சிறு படகு) வாங்கலாமா, கையால் போடும் துடுப்பே போதுமா?

மணிக்கணக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றால் பெடல்தான். தொடைக்கு இருக்கும் தெம்பு புஜத்துக்குக் கிடையாது, கையும் சும்மா இருக்கும். அதற்காகத் துடுப்பை மட்டம் தட்டாதே. பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் பார்க்கிறேன், பாதிப் பேர் முழங்கையை மடக்கி மடக்கி இழுக்கிறார்கள். தோள் என்னத்துக்கு ஆகும்? வலப்பக்கம் போடும்போது வலது தோளை முன்னால் திருப்பி, கால் விரலுக்கு நேராகத் துடுப்பின் அலகு முழுவதும் முங்கிய பிறகுதான் இழுக்க வேண்டும். வலது காலால் படகுக்குள் பாதம் ஊன்றும் கட்டையை உதைத்து இடுப்பைத் திருப்பினால் படகு தானாக நகரும். ஆக, துடுப்பிலும் கால்தான் உழைக்கிறது. அலகு இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிடு. அதற்கு மேல் இழுத்தால் தண்ணீரைத்தான் தூக்குவாய். படகின் வால் அமுங்கும்.

போட்டிக்காரர்களின் இறக்கைத் துடுப்பு 1980களில் ஸ்வீடனில் வந்தது. குழிந்த அலகை நேர் பின்னால் இழுக்காமல் படகைவிட்டு வெளிப்பக்கமாக விலக்கிக் கொண்டுபோவார்கள். விமான இறக்கையில் உண்டாகும் தூக்குவிசை இங்கே முன்னோக்கிக் கிடைக்கிறது, நீரில் வழுக்கலும் குறைகிறது. நமக்கு வேண்டாம். அலையில் ஆடும்போது ஊன்றிச் சமாளிக்க அது தோதுப்படாது.

பெடலில் இரண்டு ரகம். ஹோபி என்ற படகு நிறுவனம் 1997இல் கொண்டுவந்ததில் அடியில் இரண்டு மடல்கள் இடமும் வலமுமாக வீசும். மற்றது புரொப்பெல்லர், பின்னால் மிதித்தால் படகு பின்னால் வரும். ஆனால் ஜெரஜாக் தீவுப் பக்கம் தண்ணீர் வற்றினால் சேறு, போதாக்குறைக்கு வலைகள். போன மாதம் ஒருவர் புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்ட நைலான் நூலைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் நீரோட்டம் படகைப் பாலத்தூண் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. துடுப்பு ஒன்று கூடவே வைத்திரு.

இதையெல்லாம்விட முக்கியம் படகின் உடல். வேகத்தை 10 விழுக்காடு கூட்ட, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தி வேண்டும். நீர்மட்டத்தில் 12 அடி நீளமுள்ள படகு மணிக்கு 8.5 கிலோமீட்டரை நெருங்கினாலே தான் கிளப்பிய அலையில் தானே ஏற வேண்டியிருக்கும், எவ்வளவு மிதித்தாலும் மூச்சுதான் வாங்கும். 16 அடி என்றால் 10 வரை தாங்கும். பெடல் கயாக்குகள் பெரும்பாலும் குட்டை, அகலம், கனம். கடைக்காரர் பெடலைப் பற்றியே பேசுவார், நீ அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போ.

நீளமும் அகலமும் எழுது. பள்ளி விடுமுறைக்கு வந்தால் தம்பியின் பெடல் கயாக்கை வாங்கி வைக்கிறேன். காலையில் பசியாறிவிட்டு ஜெரஜாக்கை ஒரு சுற்று, நீ பெடலில், நான் துடுப்பில். தோற்றவர் நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும்.

அன்புடன்,
சேகர்