அச்சத்துக்கு அவசரம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் பெருகிவரும் பேய்க்கதை ஒலித்தொடர்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், மெதுவாக நகரும் கதைகளைக் கேட்க இன்று யாருக்கும் பொறுமை இல்லை என்று கூறப்பட்டிருந்தது. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பகுதியில் வாழும் எனக்கு அதை ஏற்க இயலவில்லை. கோயில் கொடை விழாக்களில் நீலி என்னும் பேயின் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்க, நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாமல் அமர்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்தக் கதையில் வந்திருப்பவள் வணிகனைப் பழிவாங்க வந்த பேய் என்பது கேட்பவர் அனைவருக்கும் முன்பே தெரியும். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று அவள் பழையனூர் வேளாளரிடம் முறையிடுகிறாள். அவன் நடுங்கி மறுக்கிறான். பெரியவர்களோ அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பென்று வாக்களித்து, இருவரையும் ஓரிடத்தில் இரவு தங்கவைக்கிறார்கள். தேர்ந்த புலவர் இந்த வழக்கைத்தான் நீட்டிப் பாடுவார். கொலையைச் சில வரிகளில் கடந்துவிடுவார். குடத்தின் அடி தணிந்து, பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’ மட்டும் இடையிடையே விழும்போது, நியாயம் செய்வதாக நம்பும் அந்தப் பெரியவர்களைத் தடுக்க வழியின்றி நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அச்சம் பிறக்கும் இடம் அதுவே.

வானொலிக்காரர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழுவினர் ஒலிபரப்பிய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம், வானிலை அறிக்கையும் நடன இசையுமாகச் சாதாரணமாகவே நகரத் தொடங்கியது. செய்தி அறிவிப்புகள் சிறிது சிறிதாக அந்த இசைக்குள் நுழைந்தன. நாடே பீதியில் தெருவுக்கு ஓடிவந்தது என்பது பின்னாளில் ஊதிப் பெருக்கப்பட்டது என்றாலும், கேட்டவர்களில் சிலர் உண்மையாகவே கலங்கினார்கள். இசை நின்ற பின் வரும் மௌனத்துக்கு அந்த நாடகத்தில் இருந்த வலிமை, எந்த அலறலுக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்று கைப்பேசியில் கிடைக்கும் தொடர்கள் பலவற்றில் முதல் நிமிடத்திலேயே கதவு கிறீச்சிடுகிறது, நாய் ஊளையிடுகிறது, பெண்ணொருத்தி வீறிடுகிறாள். அடுத்த பகுதியைக் கேட்கவைக்கும் பதற்றம் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் காட்சி இல்லாத கலையில் இருட்டையும் வீட்டையும் வாசலில் நிற்பவளின் முகத்தையும் கேட்பவர்தாமே கட்டிக்கொள்கிறார்; அதற்குரிய நேரத்தைத் தராமல் ஓசைகளைக் கொட்டினால், அவருக்குத் திடுக்கிடல் மட்டுமே மிஞ்சும். செவியருகே ஒலிவாங்கியில் ஒருவர் தாழ்ந்த குரலில், அவசரமின்றி, அன்றாட வீட்டு வேலைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, ஒரு சின்ன முரணை இயல்பாக உதிர்த்துவிட்டுப் போவது எத்தனை கடினமான வித்தை என்பதைத் தயாரிப்பாளர்கள் உணர வேண்டும்.

1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கப்பட்ட நாகர்கோவில் நிலையம், மூத்த வில்லுப்பாட்டுப் புலவர்களைக் கொண்டு இத்தகைய கதைகளை முழு நீளத்தில், பின்னணி இசை சேர்க்காமல் பதிவுசெய்து இணையத்திலும் வெளியிட வேண்டும். திரைப்படங்களுக்கு விமர்சனம் எழுதும் தங்கள் இதழ், ஒலிக்கதைகளுக்கும் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
களியக்காவிளை.