படிப்பகத்தின் நான்கு மடிக்கணினிகளுக்கு வைஃபை தேடித் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் படிப்பகத்தின் நான்கு பழைய மடிக்கணினிகளும் சென்ற வாரம் முதல் கம்பியின்றி இணையத்தோடு இணைந்திருக்கின்றன. அதற்கு உதவியவர்களுள் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களே மிகுதி என்பதால், பெயரின்றியே இந்த நன்றி மடலை எழுதுகிறோம்.

நன்கொடையாக வந்த அக்கணினிகளில், முழுவதும் கட்டற்ற மென்பொருளால் ஆன டிரிஸ்குவெல் எனும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபோது, திரை, ஒலி, விசைப்பலகை அனைத்தும் முதல் முயற்சியிலேயே இயங்கின. வைஃபை மட்டும் இயங்கவில்லை. வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேரின் மூலநிரல் வெளியிடப்படவில்லை எனில், டிரிஸ்குவெலின் மையநிரலான லினக்ஸ்-லிப்ரே கர்னல் அதை ஏற்பதில்லை. கணினிக்குள் இருந்த வைஃபை அட்டையோ அத்தகைய கோப்பு இல்லாமல் அசைவதில்லை. மற்றொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன்கூட 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அக்கோப்புகளை நிறுவும் மென்பொருளிலேயே சேர்த்துவிட்டது, நீங்களும் அதற்கு மாறலாமே என்று சிலர் கூறியது நியாயமான யோசனைதான். ஆனாலும் பிள்ளைகள் கையில் தருவது முழுவதும் திறந்து பார்க்கத்தக்கதாக இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டோம்.

அட்டைப்பெட்டியின் பெயரை நம்பாமல் உள்ளிருக்கும் சில்லின் எண்ணைப் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். ஃபர்ம்வேர் கோப்பே தேவைப்படாத ஏஆர்9285 சில்லு கொண்ட நான்கு பழைய அட்டைகளை அவரே வாங்கிவந்து, கணினிகளின் அடிமூடியைக் கழற்றிப் பொருத்தினார். இரண்டு கணினிகள் ஏற்றுக்கொண்டன. மற்ற இரண்டும், தம் தயாரிப்பாளர் அனுமதித்த அட்டை அல்ல என்று கறுப்புத் திரையில் ஒரு வரி காட்டி நின்றுவிட்டன. கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸில் உள்ள அந்தத் தடையை அன்றுதான் அறிந்தோம்.

அவ்விரண்டுக்கும், ஃபர்ம்வேரின் மூலநிரலும் வெளியாகியுள்ள ஏஆர்9271 சில்லு கொண்ட யூஎஸ்பி வைஃபை தேடி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குச் சென்றோம். ஒரே மாதிரி எண்ணில் விற்கும் பொருளிலேயே பதிப்புக்கேற்பச் சில்லு மாறிவிடும் என்பதால், பெட்டியைப் பார்த்து வாங்க இயலவில்லை. கடைக்காரர் அண்ணன் சலிக்காமல் ஐந்து பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தார். அவருடைய மேசையின் மீதே எங்கள் மடிக்கணினியை வைத்து, ஒவ்வொன்றாகச் செருகி, கட்டளை தட்டும் முனையத் திரையில் வரும் வரியைப் படித்தோம். மூன்றில் வேறு சில்லு. இரண்டில் மட்டும் 9271 என்று வந்தது. வாங்காத மூன்றையும் அவர் முகம் சுளிக்காமல் திரும்ப மடித்து வைத்ததை மறக்க இயலாது.

எங்களை அறியாதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய சில்லுகளை இயக்கும் ஏத்9கே என்ற இயக்கி நிரலை 2008இல் கர்னலுக்குள் கொண்டுவந்த நிரலாளர்களும், ஏஆர்9271 சில்லின் ஃபர்ம்வேர் மூலநிரல் 2013இல் வெளியாக உழைத்தவர்களும் இல்லையெனில், அந்த அட்டைகளும் யூஎஸ்பிகளும் எங்களுக்குப் பயன்பட்டிரா. எந்தச் சில்லு எதில் இயங்கும் என்று எச்-நோட் என்ற இணையப் பட்டியலில் பொறுமையாகப் பதிந்துவரும் தன்னார்வலர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். எங்கள் அட்டைகளும் யூஎஸ்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை, உச்ச வேகம் நொடிக்கு 150 மெகாபிட் என்பது உண்மைதான். பாடம் படிக்க அது தாராளம்.

பொருந்தாமல் மீந்த இரண்டு ஏஆர்9285 அட்டைகள் எங்களிடம் உள்ளன. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் எனும் அட்டை செருகும் இடமும் தடையில்லாத பயாஸும் உள்ள கணினி வைத்திருப்போர் மாலை ஆறு மணிக்குமேல் படிப்பகத்துக்கு வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.