கல்லறைக் கற்களை இடம் மாற்றாதீர்கள்: கிராமத்து மெதடிஸ்ட் சபைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சபைக் குழுவினருக்கு,

பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணும்போது, சாய்ந்து கிடக்கிற கற்களைப் பிடுங்கி மதில் ஓரமாக வரிசையாக நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. புல் வெட்ட வசதி, அவ்வளவுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு தாயின் கல்லுக்குப் பக்கத்தில், ஒரே வாரத்தில் இறந்த இரண்டு பிள்ளைகளின் சின்னக் கற்கள் நின்றால், அந்த வீட்டுக்குள் ஏதோ நோய் நுழைந்திருக்குமோ என்று தேடிப்பார்க்கத் தோன்றும். கல்லைப் பெயர்த்து வைத்தபின் அவை வெறும் பெயர்கள்.

அப்புறம், கல்லே இல்லாதவர்கள். மரச்சிலுவை மட்கிப் போயிருக்கும், அல்லது ஏழைக் குடும்பம் எழுத்தில்லாத ஒரு காட்டுக்கல்லைத் தலைமாட்டில் நட்டுவிட்டுப் போயிருக்கும். கிழக்கு மேற்காக, ஆள் நீளத்துக்கு மண் லேசாக உள்வாங்கியிருந்தால் அங்கே ஒருவர் இருக்கக்கூடும், உயிர்த்தெழும் நாளில் கிழக்கே பார்த்து எழுவார்கள் என்ற நம்பிக்கையில் தலையை மேற்கே வைத்து அடக்கம் செய்வதுதான் பழைய முறை. அந்தப் பள்ளங்களை மண் போட்டு நிரவுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களை எங்கே தேடுவது? நம் போதகர்கள் ஒரே ஊரில் தங்கியவர்கள் அல்லர், பல ஊர்களைச் சேர்த்த ஒரு சர்க்யூட்டைச் சுற்றி வந்தவர்கள். அதனால் உங்கள் ஊர் அடக்கம் பக்கத்து ஊரில் இருந்த சர்க்யூட் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கலாம். உங்கள் அலமாரியில் இல்லையென்றால் பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

1742 ஜூனில், இங்கிலாந்தில் தன் சொந்த ஊரான எப்வொர்த்தின் ஆலயத்தில் பிரசங்கிக்க இடம் மறுக்கப்பட்டபோது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வெளியே தன் தகப்பனின் கல்லறை மேல் ஏறி நின்று, மாலைதோறும் பிரசங்கித்தார். அப்படிப்பட்ட வரலாறு உள்ள நமக்குக் கல்லறை ஓர் இடைஞ்சலாகத் தெரியலாமா?

கழுவ நினைத்தால் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பிளீச்சிங், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம், பளிங்கின் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும். எழுத்து மங்கியிருந்தால் ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து வாசிக்க வரும்.

முதலில் வரைபடம், பிறகு புகைப்படம், கடைசியில்தான் மண்வெட்டி. வரைபடத்தின் ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். சின்னச் சபைகள் மூடப்படும்போதும் வேறு சபையோடு இணையும்போதும் முதலில் காணாமல் போவது இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

அன்புடன்,
ஒரு சபை அங்கத்தினர்