கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். என் ஆய்வுக் கட்டுரைகளை முகம் தெரியாதவர்கள் வரிவரியாகப் படித்துத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் என் வகுப்பைச் சக ஆசிரியர் ஒருவர் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

நான் கேட்டுக்கொண்டதால் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. நன்றாக நடத்தினேன் என்றுதான் நினைத்தேன். மாலையில் ஸ்டாஃப் ரூமில் ஒரு தாளைக் கொடுத்தார். போர்டின் கீழ்ப்பாதியில் நான் எழுதியது எதுவும் பின்வரிசைக்குத் தெரியவில்லை. “புரிஞ்சுதா?” என்று பதினான்கு முறை கேட்டிருக்கிறேன், ஒரு முறைகூடப் பதிலுக்காக நிற்கவில்லை. தமிழ்வழியில் படித்துவந்த மாணவி ஒருத்தி ‘என்ட்ரோபி’ என்று தமிழில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். மாணவர் கருத்துப் படிவங்களில் ஆண்டுதோறும் எனக்கு ‘மிக நன்று’ கிடைக்கிறது. அந்தக் கேள்விக்குறியை எந்தப் படிவமும் எனக்குக் காட்டியதில்லை.

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில், பதவி உயர்வுக்கான அட்டவணையில் கற்பித்தலுக்கு ஒரு வரி உண்டு. ஒதுக்கிய வகுப்புகளில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் ‘நன்று’. 70க்குக் குறைந்தால் ‘திருப்தியில்லை’. உள்ளே என்ன நடந்தது என்று அந்த வரி கேட்பதில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன்: செமஸ்டருக்கு ஒரு முறை, வேறு வேறு துறைகளைச் சேர்ந்த இருவர் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரட்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நடத்துகிறவரே முன்கூட்டிச் சொல்லட்டும். அன்றைக்கே பேசிவிடட்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு இருக்கிறது, ஆகவே இந்த நேரத்தையும் பணிக்கணக்கில் சேருங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். பார்த்தவர் எழுதித் தரும் தாள், வகுப்பு நடத்தியவரிடமே இருக்க வேண்டும். துறைத்தலைவருக்கோ பதவி உயர்வுக்கான சி.ஏ.எஸ். கோப்புக்கோ போகக் கூடாது. போனால், வேண்டியவருக்கு ‘நன்று’ என்று எழுதிக் கொடுப்பார்கள். பழைய மனக்கசப்புள்ளவர்கள் அதிலேயே கணக்குத் தீர்ப்பார்கள். சுயநிதிப் பிரிவில் ஆண்டுக்கு ஆண்டு வேலை நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் இளம் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். தன் வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்று அவர் வாய்திறக்கவே மாட்டார். நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் இந்தத் துணை தேவை. சந்திப்பு நடந்தது என்ற தேதி மட்டும் உங்கள் பதிவேட்டில் இருந்தால் போதும்.

வகுப்பெடுக்கும் முதல்வர்கள் தங்கள் வகுப்பை முதலில் திறந்துவிட்டால் மற்றவர்களின் பயம் பாதி குறையும்.

என் வகுப்பு டே ஆர்டர் மூன்றில், இரண்டாவது ஹவர். எந்தத் துறையிலிருந்து வந்தாலும் சரி, வாருங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்