செபாக் தக்ரா: எந்தப் பிரிவில் முதலிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தைக் காலாலும் தலையாலும் வலைக்கு மேலே அடித்து ஆடும் செபாக் தக்ரா பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் வருவதே அபூர்வம். வரும் ஒன்றிரண்டிலும் 'உலகின் முதல்நிலை அணி', 'தரவரிசையில் முன்னேற்றம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தப் பிரிவில் என்ற விவரம் இருப்பதில்லை. அந்த விவரம் இல்லாமல் இந்த ஆட்டத்தில் எந்த இட எண்ணுக்கும் பொருள் கிடையாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

செபாக் தக்ரா என்ற ஒரே பெயரின் கீழ் பல ஆட்டங்கள் நடக்கின்றன. மூவர் ஆடுவது ரெகு; அந்த மூவர் அணிக்கும் ரெகு என்றே பெயர். இருவர் ஆடுவது டபுள்ஸ். நால்வர் ஆடுவது குவாட். மூன்று ரெகுக்களைக் கொண்டு ஒரு நாடு இன்னொரு நாட்டுடன் மோதுவது டீம் ரெகு. மூன்றில் இரண்டை வென்றவருக்கு வெற்றி. இவை ஆடவருக்குத் தனி, மகளிருக்குத் தனி. வலையின் நடு உயரம் ஆடவருக்கு 1.52 மீட்டர், மகளிருக்கு 1.42 மீட்டர், பந்தின் எடையும் வேறு. இவை போதாதென்று வலையும் எதிரணியும் இல்லாமல், வட்டமாக நின்று பந்தைக் கீழே விடாமல் ஆடிப் புள்ளி சேர்க்கும் வட்ட ஆட்டமும் உண்டு. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் தென் கொரியா ஆடவர் தங்கம் வென்றது அதில்தான். அந்தத் தங்கத்தையும் ரெகு தங்கத்தையும் ஒரே பட்டியலில் கூட்டினால் என்ன கிடைக்கும்?

ரெகுவுக்கும் டபுள்ஸுக்கும் உள்ள வேறுபாடு ஆட்களின் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ரெகுவில் சர்வீஸ் போடுகிற தெகோங், 30 செ.மீ. ஆரமுள்ள சிறு வட்டத்துக்குள் ஒரு காலை ஊன்றி நிற்பார். வலையோரத்துக் கால்பங்கு வட்டத்தில் நிற்கும் கூட்டாளி கையால் பந்தைத் தூக்கிப்போட, தெகோங் மறுகாலைத் தலைக்கு மேல் வீசி அடிப்பார். ஊன்றிய கால் கோட்டை மிதித்தாலும் தரையை விட்டு எழுந்தாலும் புள்ளி எதிரணிக்கு. ஆகவே ரெகுவின் பலம் பாதிக்கு மேல் தெகோங்கும் அந்தத் தூக்கிப்போடும் கையும் சேர்ந்த கூட்டணியில் இருக்கிறது. டபுள்ஸில் சர்வீஸ் போடுபவர் பின்கோட்டுக்கு வெளியே நின்று, தானே பந்தைத் தூக்கிப்போட்டு அடிக்கிறார். அங்கே தெகோங் என்ற நிபுணருக்கு வேலையே இல்லை. எதிரணியின் சர்வீஸை எடுத்து, அடுத்த தொடுதலில் பந்தை வலையோரம் நிறுத்தத் தெரிந்த இருவர் வேண்டும். அருமையான தெகோங் ஒருவரை வைத்திருக்கும் நாடு ரெகுவில் மேலே வரும், டபுள்ஸில் வராமல் போகும். ஒரு நாட்டுக்கு ஒரே இடம் என்பது இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஹாங்ஜோ ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் நடந்த அந்தப் போட்டியில் ஆறு தங்கம். தாய்லாந்து நான்கு பிரிவுகளில் இறங்கியது, நான்கிலும் தங்கம். மீதமிருந்த இரண்டும் குவாட்: ஆடவரில் மியான்மர், மகளிரில் வியட்நாம். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு, தாய்லாந்து குவாட்டில் தோற்றது போலத் தோன்றும். உண்மையில் அது குவாட்டில் ஆடவில்லை. ஒரு நாடு எத்தனை பிரிவுகளில் இறங்கலாம் என்று கட்டுப்பாடு இருக்கும்போது, எதை விடுவது என்று பயிற்சியாளர் கணக்குப் போடுகிறார். மியான்மர், வியட்நாம் வெற்றியின் அருமை இதனால் குறையவில்லை; களத்தில் நின்றவர்களை வென்றுதான் வாங்கினார்கள். ஆனால் வெற்றிச் செய்தியோடு யார் யார் அந்தப் பிரிவில் ஆடினார்கள் என்ற ஒரு வரி வந்தால்தான் வாசகர் அளந்து பார்க்க முடியும்.

டீம் ரெகு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகம் நேர்வது அதில்தான். ஒரு நாட்டின் மூன்று ரெகுக்களும் சமபலத்தோடு, ஒவ்வொன்றும் எதிரணியை நூற்றுக்கு 80 தடவை வெல்லக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். அப்போது டீம் போட்டியை அந்த நாடு நூற்றுக்கு ஏறத்தாழ 90 தடவை வெல்லும். இன்னொரு நாட்டில் முதல் ரெகு மட்டும் அதே 80, மற்ற இரண்டும் சரிபாதி என்றால் டீம் வெற்றி 65-க்கு இறங்கிவிடும். முதல் ரெகு இரண்டு நாட்டிலும் ஒரே தரம். ரெகு பிரிவில் இரண்டும் சமம், டீம் பிரிவில் எட்டாத தூரம். ஒன்பது பேர் ஒரே தரத்தில் கிடைக்கிற நாடுகள் மிகக் குறைவு. டீம் பிரிவில் பெரும் திருப்பங்கள் ரெகுவைவிட அரிதாக நிகழ்வதற்குக் காரணம் அதுவே. எனவே 'தாய்லாந்தை வீழ்த்தியது' என்று எழுதும்போது எந்தப் பிரிவில், டீம் மோதலில் அது எத்தனையாவது ரெகு என்று சொல்லாமல் விடுவது வாசகரைத் திசைதிருப்புகிறது.

பதக்க எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆசிய விளையாட்டு செபாக் தக்ராவில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். 2018 ஜகார்த்தாவில் ஆடவர் டீம் ரெகு அரையிறுதியில் தாய்லாந்திடம் 0-2 எனத் தோற்ற இந்தியா வெண்கலம் பெற்றது. இந்த ஆட்டத்தில் இந்தியாவின் முதல் ஆசிய விளையாட்டுப் பதக்கம் அது, பெருமைக்குரியதுதான். அதை 'ஆசியாவில் மூன்றாம் இடம்' என்று மொழிபெயர்ப்பது மட்டும் தவறு. அப்படி ஓர் இடமே தீர்மானிக்கப்படவில்லை.

அரையிறுதிக்கு வந்த வழியைச் சொல்வது குரூப் அட்டவணை. மூன்று அணிகள் ஒன்றையொன்று வட்டமாக வீழ்த்தும்போது அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 'அ' அணி 'ஆ'வை 2-0 என்ற செட் கணக்கில் வெல்கிறது. 'ஆ' அணி 'இ'யை 2-1 என வெல்கிறது. 'இ' அணி 'அ'வை 2-1 என வெல்கிறது. மூவருக்கும் தலா ஒரு வெற்றி. செட் வித்தியாசத்தை எடுத்தால் 'அ' மூன்று வென்று இரண்டை இழந்திருக்கிறது, 'இ' மூன்றுக்கு மூன்று, 'ஆ' இரண்டு வென்று மூன்றை இழந்திருக்கிறது. முதல் இருவர் மேலே போக, 'ஆ' வெளியே. முதல் ஆட்டத்தில் 'ஆ' ஒரே ஒரு செட்டைப் பிடித்திருந்தால் மூவரும் மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, மொத்தப் புள்ளி வித்தியாசம் பார்க்க வேண்டி வந்திருக்கும். தோற்கப்போகிற ஆட்டத்தில் இரண்டாவது செட்டுக்காக உயிரைக் கொடுத்து ஆடும் அணி வீம்புக்கு ஆடவில்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்து ஆடுகிறது. செய்தியில் 2-0, 2-1 என்று செட் கணக்கு வராவிட்டால் இது எதுவும் வாசகருக்குத் தெரியாது.

செட்டின் நீளமும் மாறியிருக்கிறது. ஹாங்ஜோவில் செட்டுக்கு 21 புள்ளி. 2025-இல் பாட்னாவில் நடந்த உலகக் கோப்பையில் 15. இது சின்ன மாற்றமில்லை. ஒவ்வொரு புள்ளியையும் நூற்றுக்கு 55 என்ற விகிதத்தில் வெல்லும் அணி, 21 புள்ளி செட்டுகள் கொண்ட மூன்று செட் ஆட்டத்தை ஏறத்தாழ 84 தடவை வெல்லும். 15 புள்ளி செட் என்றால் ஏறத்தாழ 80. செட் குறுகக் குறுக, எளிய அணிக்கு வாய்ப்பு கூடுகிறது. பழைய புள்ளி வித்தியாசத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'அணி தேய்ந்துவிட்டது' என்று எழுதுவது, இரண்டு வேறு அளவுகோலால் ஒரே சட்டையை அளப்பதுதான்.

இனி தரவரிசை. பல போட்டிகளில் எடுத்த இடத்துக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டிக்கொண்டே போகும் எந்தத் தரவரிசையிலும், அதிகப் போட்டிகளுக்குப் போகிற நாடு மேலேறும். விமானச் செலவுக்கு வழியில்லாத நாடு நன்றாக ஆடியும் கீழேயே கிடக்கும். செபாக் தக்ராவில் ஆண்டுக்கு நடக்கும் பெரிய போட்டிகள் கைவிரலுக்குள் அடங்கிவிடுவதால் ஒன்றைத் தவறவிட்டாலே அடி பலமாக விழுகிறது. அதோடு, புள்ளி நாட்டின் பெயரில் நிற்கிறது. ஆடுவதோ மூன்று பேர். தெகோங் காயம்பட்டு விலகினால் மறுநாள் களத்தில் இறங்குவது வேறு ரெகு, அட்டவணையில் மட்டும் பழைய எண்ணே நிற்கும். கூட்டலைவிட, எல்லோரும் போகிற போட்டிகளில் எடுத்த சராசரியை, பழைய முடிவுகளின் எடையை ஆண்டுக்காண்டு குறைத்துக் கணக்கிடுவது நியாயம் என்பது எங்கள் கருத்து.

தாய்லாந்தில் நடக்கும் கிங்ஸ் கோப்பை உலகச் சாம்பியன்ஷிப்பில் அணிகளைத் தரத்துக்கேற்ப டிவிஷன்களாகப் பிரிப்பதும் உண்டு. கீழ் டிவிஷனில் முதலிடம் பெற்றதை 'உலகச் சாம்பியன்' என்று தலைப்பிடக் கூடாது. எந்த டிவிஷன் என்று போட்டால் போதும், வீரர்களுக்கும் அதுதான் மரியாதை.

ஆகவே நாங்கள் கேட்பது அதிக இடமில்லை. செபாக் தக்ரா முடிவு எதுவானாலும் ஆண்டு, போட்டி, ஆடவரா மகளிரா, பிரிவு, டிவிஷன் இருந்தால் அது, எந்தச் சுற்று, செட் கணக்கு ஆகியவை ஒரே வரியில் வரட்டும். கட்டுரைக்கு இடமில்லாத நாளில்கூட அந்த ஒரு வரிக்கு இடம் இருக்கும். மாதிரிக்கு ஒன்று:

2025 உலகக் கோப்பை, பாட்னா. ஆடவர் ரெகு, இறுதி ஆட்டம்: இந்தியா 2, ஜப்பான் 1 (15-11, 11-15, 17-14).

உலகக் கோப்பையில் ஆடவர் ரெகுவில் இந்தியாவின் முதல் தங்கம் அது. செட் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 43-க்கு 40. மூன்று செட், 83 புள்ளிகள், மூன்று புள்ளி வித்தியாசம்.

இப்படிக்கு,
செபாக் தக்ரா ஆர்வலர்கள் சிலர்