வாசலில் கோலமாக வந்த எண்

மாவுக்கட்டு பிரித்து நான்கு நாள் ஆகிறது. கம்பை ஊன்றிக்கொண்டு நேற்றுதான் குளத்துக்கரை வரை போய்வந்தேன். குளத்து மடையில் நான் விழுந்து காலை முறித்துக்கொண்டது ஊருக்கே தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. மனம் ஆறிப்போவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கயிற்றுக்கட்டிலில் வைத்து என்னைத் தூக்கிவந்த வயல்காரர்கள், காசு வாங்க மறுத்த ஆட்டோத் தம்பி, மூன்று வாரம் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினி, எனக்குப் பதிலாக எங்கள் குளத்துப் பறவைகளை எண்ணித் தந்த கல்லூரிப் பிள்ளைகள், எல்லாருக்கும் என் கும்பிடு. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. இந்த வருடம் எங்கள் குளம் அதில் விடுபட்டுவிடுமோ என்பதுதான், சொன்னால் சிரிப்பீர்கள், காலைவிட எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஆடு மேய்க்கும் ஆச்சிக்காக.

போன வருடம் ஆச்சியிடம் நான் சிடுசிடுத்திருக்கிறேன். "உங்க ஆடு வந்தா வாத்தெல்லாம் மிரளுது, அந்தக் கரைக்கு ஓட்டிட்டுப் போங்க." ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டு போனாள். அதே ஆச்சிதான் நான் விழுந்த இடத்தில் கிடந்த பைனாகுலரை எடுத்து, சேற்றை முந்தானையால் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "இதுல எப்படிட்டி பாக்கணும்?" என்று கேட்டாள். படுத்தபடியே காட்டிக்கொடுத்தேன். "கொஞ்ச நாள் நானே வச்சிருக்கேன்" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். உண்மையைச் சொன்னால், லென்ஸ் என்ன ஆகுமோ என்றுதான் அன்று பதறினேன்.

மார்கழி முடியப்போகும் ஒரு விடியலில் வந்தாள். வரித்தலை வாத்துக் கூட்டத்தில் ஒன்று கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு திரிகிறதாம், பட்டையில் என்னமோ எழுதியிருக்கிறதாம்.

எனக்குப் படபடத்தது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளைப் பிடித்து அடையாள வளையமிடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு கரைப்பறவையின் காலில் மாட்டும் அலுமினிய வளையத்தில் எண் அத்தனை பொடிசு. அதைப் படிக்கப் பெரும்பாலும் பறவை மறுபடி கையில் சிக்க வேண்டும். கழுத்துப்பட்டையையோ, பறவையைப் பிடிக்காமலே படித்துவிடலாம். மங்கோலியாவில் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி இந்தியக் குளங்களுக்கு வந்திருக்கின்றன. ஆனால் இங்கே யாராவது அந்த எண்ணைப் படித்துச் சொன்னால்தான் அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

"உங்களுக்கு எழுத்து தெரியாதே ஆச்சி."

"கோலம் போடத் தெரியும்லா."

மூன்று நாள் ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்து மனசில் வாங்கியிருக்கிறாள். ஆடு மேய்ப்பவளைக் கண்டு வாத்துகள் எழும்புவதில்லை. நான் போனால்தான் எழும்பும்! கோலப்பொடி வாங்கி என் வாசலில் குனிந்து மூன்று உருவம் போட்டாள். கொக்கி மாதிரி ஒன்று, கம்பு மாதிரி ஒன்று, வால் வைத்த சுழி ஒன்று. மதினி தாங்கிப் பிடிக்க நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் இருந்து பார்த்தால் சுழி ஆறு, தெருவில் இருந்து பார்த்தால் ஒன்பது.

"வாத்துக்குத் தலை எந்தப் பக்கம் ஆச்சி?"

"தலை மேலதானட்டி இருக்கும்" என்றாள். அப்புறம்தான் நான் கேட்டது விளங்கி, தெருப்பக்கம் நின்று காட்டினாள். ஒன்பது.

போட்டோ எடுத்து, பட்டை மாட்டுகிறவர்களுக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பார்த்தவர் என்ற இடத்தில் ஆச்சியின் பெயர்தான் இருக்கிறது. இங்கே எழுத வேண்டாம் என்றாள், அதனால் எழுதவில்லை. பொங்கலன்று மதினி அந்த மூன்று உருவத்தையும் அழிக்காமல், சுற்றிலும் கரும்பும் பானையும் வரைந்து வைத்தாள்.

ஆச்சி, அன்றைக்குச் சிடுசிடுத்ததற்கு மன்னிக்கணும். பைனாகுலரைத் திருப்பித் தர வேண்டாம். அடுத்த தை மாதக் கணக்கெடுப்புக்கு நீங்கள் முன்னால் போங்கள், நான் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன், ஆடுகளோடு.

பதில் இன்னும் வரவில்லை. சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டைத் தாண்டும்போதெல்லாம் கேட்கிறாள்: "என்னட்டி, வாத்துக்காரன் எழுதிட்டானா?"